பரங்கிமலையும் தலைவெட்டிக் கோயிலும்

ஓய்வுபெற்ற கேப்டன், கோவை

பயிற்சி முகாம் நாட்களைப் பற்றியும் யுத்த சமயத்தில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதர சங்கத்தின் லாட்ஜில், அதாவது கிளையில், இருந்ததைப் பற்றியும் எழுதச் சொல்லிப் பேரன் ரொம்ப நாளாக நச்சரிக்கிறான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான். தப்பு இருந்தால் பாதி அவனுடையது.

சீனாவோடு நடந்த யுத்தம் 1962 அக்டோபர் 20-இல் தொடங்கி நவம்பர் 21-இல் நின்றது. ஒரே மாதம்தான். ஆனால் ராணுவத்தில் இளம் அதிகாரிகள் எவ்வளவு குறைவு என்பது அதற்குள் தெரிந்துபோயிற்று. எமர்ஜென்சி கமிஷன், அதாவது அவசர அதிகாரி நியமனம், என்று அறிவித்தார்கள். பூனாவிலும் சென்னையிலும் அவசர அவசரமாகப் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தார்கள். இன்று ஓடிஏ (ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி) என்கிறோமே, அது 1963 ஜனவரியில் ஓடிஎஸ் (ஆபீசர்ஸ் டிரெய்னிங் ஸ்கூல்) என்ற பெயரில் இப்படித் தொடங்கியதுதான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு டுட்டோரியலில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நான், அந்த வருஷ நடுவில் ஒரு தகரப் பெட்டியோடு பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கினேன்.

ஆறு மாதப் பயிற்சி. முதல் நாளே தலைமுடி போயிற்று. இரண்டாம் நாள் பெயர் போயிற்று. டிரில் சொல்லிக்கொடுக்கும் ஹவில்தார்களை உஸ்தாத் என்று கூப்பிட வேண்டும். அவர்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே பெயர்தான், அதைப் பேரனிடம் சொல்ல முடியாது. கட்டளையெல்லாம் இந்தியில். எனக்கு அட்சரம் தெரியாது. 'தாஹினே முட்' என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் இடப்பக்கம் திரும்பி, ஒரு குடகுக்காரப் பையனின் மூக்கோடு மூக்கு உரச நின்றேன். அதற்குத் தண்டனை ரகடா. மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குட்டிக்கரணம், வெயில் கொளுத்தும் சரளை மண்ணில். ஊரே இந்தி வேண்டாம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். எனக்கு இந்தி கற்றுக்கொடுத்தது உஸ்தாதின் திட்டுகள்.

இட்லியை முள்கரண்டியால் சாப்பிடப் பழகியது, .303 ரைஃபிள் தோளில் இடித்த வலி, ராத்திரியில் மேப்பை வைத்துக்கொண்டு வழி தவறியது, இதையெல்லாம் ராணுவத்தில் இருந்த எல்லாருமே சொல்வார்கள். எனக்கு மறக்காமல் நிற்பது பித்தளைதான். பெல்ட்டில் கொக்கி, தொப்பியில் பேட்ஜ், தோளில் எழுத்து. தினமும் ராத்திரி பிராஸோ போட்டுத் தேய்க்க வேண்டும். காலையில் உஸ்தாத் குனிந்து கொக்கியில் தன் மீசை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் ரகடா. ஆறு மாதத்தில் என் விரல் நுனியெல்லாம் பச்சை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி கிடைத்து, நாலைந்து பேர் மெரினா போனோம். எதிரே இருந்த பெரிய வெள்ளைக் கட்டடத்தைக் காட்டி, மயிலாப்பூர்க்காரப் பையன் ஒருவன், "இது முன்னாடி தலைவெட்டிக் கோயில்டா" என்றான். அது போலீஸ் தலைமையகம். நாங்கள் சிரித்தோம். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அவன் சொன்னது நிஜம். 1839-இல் அதை ஃப்ரீமேசன்கள்தான் கட்டினார்கள். 1874-இல் அரசாங்கம் போலீசுக்காக வாங்கிக்கொண்டது. உள்ளே சேருகிறவனின் தலையை வெட்டி, மறுபடி ஒட்டவைத்து உயிர் கொடுப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. அதனால்தான் சென்னைப் பக்கம் லாட்ஜுக்குத் தலைவெட்டிக் கோயில் என்று பெயர். வடக்கே அதையே ஜாதூகர், அதாவது மந்திர வீடு, என்பார்கள்.

1964 தொடக்கத்தில் கமிஷன் கிடைத்து, சப்ளை வேலை பார்க்கும் ஏஎஸ்சி பிரிவில் பஞ்சாபுக்குப் போனேன். கண்டோன்மென்ட் ஊர், பெயர் வேண்டாம். எங்கள் கர்னல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கறுப்பு கோட் போட்டு, கையில் தட்டையான தோல் பையோடு கிளம்புவார். எங்கே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் உற்றுப் பார்த்து, "கேட்கிறவனுக்குத்தான் சொல்லலாம்" என்றார். அழைத்துக்கொண்டு போக மாட்டார்களாம், நாமாகக் கேட்க வேண்டுமாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், கடவுள் ஒருவர் உண்டு என்று நம்ப வேண்டும், எந்தக் கடவுள் என்பது நம் பாடு. பிறகு ஒரு பெட்டியில் வெள்ளைக் குண்டும் கறுப்புக் குண்டும் போட்டு ரகசிய ஓட்டு. எனக்குக் கறுப்பு விழவில்லை.

1965 ஜூலையில் ஒரு சனிக்கிழமை என்னைச் சேர்த்தார்கள். யூனிட்டிலிருந்து நேரே யூனிஃபார்மில் போயிருந்தேன். வாசலில் உருவிய வாளோடு நின்றவர் முதலில் சொன்னது, "உலோகம் எதுவும் கூடாது." மோதிரம், வாட்ச், சில்லறை, கடைசியில் அந்த பெல்ட். ஆறு மாதம் ரத்தம் வர நான் தேய்த்த பித்தளையைக் கழற்றி ஒரு தட்டில் போட்டேன். வெள்ளைப் பைஜாமா கொடுத்து, கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிப்போனார்கள்.

சடங்கு முழுவதையும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், தலை எதையும் வெட்டவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இது புத்தகங்களிலேயே இருக்கிறது. கட்டு அவிழ்த்தபின் ஒரு கட்டத்தில், ஏழைகளுக்கு ஏதாவது கொடு என்று கேட்டார்கள். நான் பழக்கத்தில் பாக்கெட்டைத் தடவினேன். பைஜாமாவுக்குப் பாக்கெட்டே இல்லை. ராணுவத்தில் 'இல்லை சார்' என்பது குற்றம். வேர்த்துவிட்டது. கைவிரித்து நிற்கும் அந்த நிமிஷத்துக்காகத்தான் சில்லறையை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

மேசையில் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்தம் எல்லாம் விரித்து வைத்திருந்தது. அவரவர் நூலின்மேல் சத்தியம். கிழக்குப் பக்க நாற்காலியில், தலைவராக, ஒர்ஷிப்ஃபுல் மாஸ்டராக உட்கார்ந்திருந்தவர் கூட்ஸ் வண்டி கார்டு. எங்கள் கர்னல்? அவர் உள்பக்கம் கதவருகே நின்றுகொண்டிருந்தார். யாராவது தட்டினால் கார்டுக்கு சல்யூட் போல ஒன்று செய்து அனுமதி கேட்க வேண்டியது அவர் வேலை. பரங்கிமலையில் தோளில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்காமல் ஒரு மனிதனைப் பார்க்கக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் பாகிஸ்தானோடு யுத்தம். செப்டம்பரில் சியால்கோட் பக்கம் சண்டை நடந்தபோது நாங்கள் ராத்திரியில் லாரி ஓட்டிப் போய்ச் சரக்கு இறக்குவோம். ஹெட்லைட்டில் கறுப்பு பெயிண்ட், நடுவில் ஒரு கீற்று மட்டும் வெளிச்சம். ஒரு ராத்திரி டிரைவர் கால்வாய்க் கரை என்று நினைத்தது கரை இல்லை. எனக்குத் தொடை எலும்பு முறிந்தது. குண்டு பட்டு விழுந்தவர்களுக்கு நடுவில், லாரி கவிழ்ந்து விழுந்தவனாகப் படுத்திருப்பது தனி அவமானம். யூனிட்டிலிருந்து வந்தவர்கள் லாரியைப் பற்றிக் கேட்டார்கள். விசாரணை இருந்தது, கேட்கத்தானே வேண்டும்.

மூன்றாம் நாள் அந்த ரயில்வே கார்டு வந்தார், தூக்குச்சட்டியில் முள்ளங்கி பராட்டாவோடு. "வீட்டுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், தந்தி வந்தாலே யாரோ செத்துவிட்டதாக அலறுவாள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு சிக்னல் இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். விழுப்புரத்துக்காரர். லாட்ஜுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல, நல்ல தமிழில் இன்லண்ட் லெட்டர் எழுதினார். நான் கிளிப்பிள்ளை மாதிரிப் படித்து ஒப்பித்த சடங்கு வசனங்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. அந்தப் பராட்டா மறக்கவில்லை.

பட்லரின் பேத்தி, ஊட்டி

சார், உங்கள் கார்டு கதை பிடித்தது. ஆனால் எங்கள் வீட்டில் வேறு கதை உண்டு.

எங்கள் தாத்தா இரண்டாம் உலக யுத்த வருஷங்களில் ஒரு லாட்ஜில் விருந்து பரிமாறியவர். பர்மா முனையிலிருந்து லீவில் வந்த வெள்ளைக்கார சிப்பாய்களும் அதிகாரிகளும் மலைக்கு வருவார்களாம். மெஸ்ஸில் தனித்தனியாகச் சாப்பிடுகிற மேஜரும் சார்ஜென்ட்டும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 'பிரதர், பிரதர்' என்று கூப்பிட்டுக்கொள்வதைப் பார்த்துத் தாத்தா வியந்து வியந்து சொல்வார். சடங்கு நடக்கும்போது சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். முடிந்ததும் சூப் கொண்டுபோக வேண்டும்.

நான் சின்ன வயதில், "நீங்க எங்க தாத்தா உக்காருவீங்க?" என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் எதுக்கும்மா உக்காரணும்?" என்றார். பெண்களுக்கும் உள்ளே இடமில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோபமாக எழுதவில்லை சார். எழுத வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பிரேமனில் வேலை பார்ப்பவன்

ஐயா, நான் மேசன் இல்லை. போன வருஷம் ஒரு வார இறுதியில் எஸ்டர்வேகன் போனேன், ஹாலந்து எல்லைப் பக்கம். கண்ணுக்கு எட்டும்வரை சதுப்பு நிலம். நாஜிகள் அங்கே ஒரு முகாம் வைத்திருந்தார்கள். கைதிகளை சதுப்பில் கரிமண் வெட்ட விடுவார்கள். இப்போது நினைவிடம்.

அங்கே 6-ஆம் எண் குடிசையில் பெல்ஜியம் நாட்டு எதிர்ப்பியக்கத்தினரை அடைத்திருந்தார்கள். நூறு பேருக்கு மேல். கிட்டத்தட்ட நாள் முழுக்கப் பூட்டுதான், அரைமணி நேரம் மட்டும் வெளியே நடக்கலாம். அவர்களில் ஏழு மேசன்கள் சேர்ந்து 1943 நவம்பரில் ஒரு லாட்ஜ் தொடங்கினார்கள். 'லிபெர்தே ஷெரி' என்று பெயர், 'அன்பான சுதந்திரம்' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடிசையில் தோட்டாக்களைத் தரம் பிரிக்கிற வேலையும் நடந்தது. அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். ஃபெர்னாண்ட் எரோ என்ற காலாட்படை ரிசர்வ் அதிகாரியை அங்கேயே புதிதாகச் சேர்த்தார்கள். உங்கள் பித்தளைக் கொக்கியைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. அவரிடம் கழற்ற என்ன இருந்திருக்கும்?

காவல் காத்தது யார் தெரியுமா? கத்தோலிக்கக் கைதிகள். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் மேசன்களுக்கும் ஆகவே ஆகாது, ஆனால் அவர்கள்தான் இவர்கள் கூடும்போது எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். லாட்ஜில் இருந்தவர்களில் எரோவும் லுக் சோமர்ஹாஸன் என்பவரும் மட்டுமே உயிரோடு திரும்பினார்கள். 1945 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் ஆஸ்பத்திரியில் எரோவை நிறுத்துப் பார்த்தபோது 32 கிலோ. ஆறடி உயர மனிதர்.

உங்களிடம் ஒரு கேள்வி ஐயா. நீங்கள் இன்னும் லாட்ஜுக்குப் போகிறீர்களா? அம்மாவிடம் சொன்னீர்களா?

ஓய்வுபெற்ற கேப்டன், கோவை

முதலில் ஊட்டி அம்மாவுக்கு. நீங்கள் கேட்டது நியாயம். எங்கள் லாட்ஜிலும் பரிமாறியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயரை இப்போது யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. கார்டின் பெயர், கர்னலின் பெயர், சிக்னல் இன்ஸ்பெக்டரின் பெயர் எல்லாம் வருகிறது.

யாரை உள்ளே சேர்ப்பது என்ற இந்தக் கணக்கு எப்போதுமே இப்படித்தான் கோணலாக இருந்திருக்கிறது. 1732-லேயே அயர்லாந்தின் தலைமை லாட்ஜான கிராண்ட் லாட்ஜ் ஒரு பட்டாளத்துக்கு நடமாடும் லாட்ஜ் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டது. பட்டாளம் எங்கே போனாலும் லாட்ஜும் ஒரு பெட்டியில் கூடவே போகும். 1775 மார்ச்சில் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் இன்னும் 14 பேரும், அப்படியொரு பிரிட்டிஷ் பட்டாள லாட்ஜில்தான் மேசன் ஆனார்கள். ஊரிலிருந்த வெள்ளைக்கார லாட்ஜ்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே அமெரிக்க சுதந்திர யுத்தம் தொடங்கிவிட்டது. அந்நியப் பட்டாளம் திறந்த கதவு, சொந்த ஊரில் திறக்கவில்லை.

பிரேமன் தம்பிக்கு: 1968-இல் ராணுவத்திலிருந்து விடுவித்தார்கள், வங்கி வேலைக்கு வந்தேன். இங்கேயும் ஒரு லாட்ஜில் சில வருஷம் போனேன். லோன் கேட்டு 'பிரதர்' என்று ஆரம்பிப்பவர்கள் அதிகமானார்கள். சந்தாவை நிறுத்திவிட்டேன். அது அவர்கள் தப்பு மட்டும் இல்லை, எனக்கும் அலுத்துவிட்டது. மேசன்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரன் மட்டும் பீரோவில் இருக்கிறது, ஆட்டுக்குட்டித் தோல், மஞ்சளேறிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். 1966 பொங்கலுக்கு ஊன்றுகோலோடு வந்திருந்தபோது. விழுப்புரத்துக்காரர் எழுதிய லெட்டரைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அந்த ரயில்வேக்காரர் உனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். மறைக்க மனசு வரவில்லை, லாட்ஜ் என்றேன். புரியவில்லை. கடைசியில் தலைவெட்டிக் கோயில் என்றேன்.

அம்மா பேசவில்லை. கிட்டே வந்து, சட்டைக் காலரை இறக்கிவிட்டு, கழுத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.