சயனைடு பாலத்தில் தாவும் எலக்ட்ரான்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

ஃபெரிக் குளோரைடு கரைசலில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு ஒரு சொட்டு விழுந்ததும் குபீரென்று நீலம் பரவுமே, அந்த பிரஷ்யன் நீலத்தில்தான் எனக்கு இந்த ஈடுபாடு தொடங்கியது. இரும்பு அணுக்களைப் பாலம் போல் இணைக்கும் சயனைடின் (CN) கார்பன் முனையில் இருக்கும் இரும்பு(II)-இல் எல்லா எலக்ட்ரான்களும் இணைந்திருக்கும். நைட்ரஜன் முனையிலுள்ள இரும்பு(III)-இல் ஐந்து தனித்து நிற்கும். ஒளி பட்டதும் இரும்பு(II)-இலிருந்து இரும்பு(III)-க்கு ஓர் எலக்ட்ரான் தாவுகிறது. அதற்குச் செம்மஞ்சள், சிவப்பு ஒளி செலவாவதால் நமக்கு நீலம் தெரிகிறது.

அப்புறம் நான் வேலை செய்தது, அதே கட்டமைப்பில் நைட்ரஜன் முனையில் கோபால்ட் உட்காரும் கோபால்ட்-இரும்புச் சேர்மத்தில். 1996-இல் ஜப்பானில் ஒசாமு சாட்டோ, ஹாஷிமோட்டோ குழுவினர் இதைக் குளிர்வித்து, சிவப்பு ஒளி பாய்ச்சி, காந்தத்தன்மை கூடுவதைக் காட்டினார்கள். கோபால்ட்(III), இரும்பு(II) இரண்டிலும் இணையாத எலக்ட்ரானே கிடையாது. ஓர் எலக்ட்ரான் இடம் மாறினால் கோபால்ட்(II)-இல் மூன்று, இரும்பு(III)-இல் ஒன்று. கோபால்ட்-நைட்ரஜன் பிணைப்பும் சுமார் 0.2 ஆங்ஸ்ட்ராம் நீள்கிறது. அதனால்தான் குளிரில் எலக்ட்ரான் சட்டென்று திரும்பிப் போக முடிவதில்லை.

எங்கள் பொடியை அகச்சிவப்பு நிறமாலையில் வைத்தபோது சயனைடு அதிர்வுக்கு 2160 செ.மீ⁻¹ பக்கம் ஒரு முகடு, 2120 பக்கம் இன்னொன்று. முன்னது கோபால்ட்(II)-இரும்பு(III), பின்னது கோபால்ட்(III)-இரும்பு(II). ஒரே பொடியில் இரண்டும் கலந்து கிடந்தன! காந்தமானிக்கு வரிசையில் நிற்கும் முன் இந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது படிகத்தில் இரும்பு-சயனைடு அலகு விடுபட்டுப்போன காலியிடங்கள்தான். சீசியத்தை நிறையச் சேர்த்து, காலியிடமே இல்லாமல் கட்டினால் ஒளிக்கு அசைந்தே கொடுக்காது. பிணைப்பு நீளும்போது கட்டமைப்பு முழுக்க விரிய வேண்டும், அதற்கு இடம் வேண்டாமா? குறைபாடு என்று நாம் ஒதுக்குவதுதான் இங்கே வேலையை நடத்துகிறது.

மறுமொழி:

நல்ல பதிவு அண்ணா. நான் சோடியம் உள்ள வகையைப் பார்த்தேன். மெதுவாகக் குளிர்வித்தால் தாழ் ஸ்பின்னுக்கு (இணையாத எலக்ட்ரான் இல்லாத கோபால்ட்(III)-இரும்பு(II) நிலை) மாறிவிடுகிறது, சட்டென்று குளிர்வித்தால் உயர் ஸ்பின் (கோபால்ட்(II)-இரும்பு(III) நிலை) அப்படியே சிக்கிக்கொள்கிறது. ஒளியே தேவைப்படவில்லை. ஒரே பொடி இரண்டு விதமான காந்த வளைகோடுகளைக் கொடுத்தது அதனால்தான். குளிர்வித்த வேகத்தையும் தரவோடு சேர்த்து எழுதி வையுங்கள்.