ரெவிட்ல டிபி லிஸ்ட்லயே வரமாட்டேங்குது, அப்படியே எலக்ட்ரிக்கல் டிசைன் எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னும் சொல்லுங்க

நியூட்ரல்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கமுங்க. டிப்ளமோ ட்ரிபிள்இ முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சைட் சூப்பர்வைசரா இருக்கேன். பைப் போடறது, வயர் இழுக்கறது, டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) டிரஸ்ஸிங் எல்லாம் அத்துபடி, ஆட்டோகேட்ல லேஅவுட் திருத்தவும் வரும். டிசைன் பக்கம் போலாம்னு இப்ப ரெவிட் (பில்டிங்கை 3டி மாடலா வரையற சாஃப்ட்வேர்) ஆரம்பிச்சிருக்கேன். ஒரு சின்ன வீட்டு பிளான்ல லைட் வச்சாச்சு, டிபியும் வச்சாச்சு, லைட்டை செலக்ட் பண்ணி பவர் அமுக்குனா சர்க்யூட் வருது ஆனா பேனல் கேக்கற இடத்துல என் டிபி பேரே இல்லீங்க. ஆர்க்கிடெக்ட் மாடலை லிங்க் பண்ணிருக்கேன், அதோட சுவத்துல சில சாக்கெட் ஒட்டவும் மாட்டேங்குது. ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் மொதல்ல படின்னு ஒருத்தர் சொல்றார், அது வேணுமா? வயர் சைஸ் எல்லாம் ரெவிட்டே போட்டுக்குமா?

தோஹா டிராயிங்:
தம்பி, ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலை விட்ருங்க. அது கன்ட்ரோல் பேனல், மோட்டார் ஸ்டார்ட்டர், பிஎல்சி வயரிங் வரையறதுக்கு. பேர்ல எலக்ட்ரிக்கல் இருக்குன்னு பில்டிங்குக்குன்னு நெனச்சு காசு கட்டினவங்க நிறைய பேரு.

டிபி வராததுக்கு காரணம் வோல்டேஜ். கூட வர்ற டெம்ப்ளேட் பெரும்பாலும் அமெரிக்கா கணக்கு, 120/208, 277/480ன்னு இருக்கும். மேனேஜ் டேப்ல எம்இபி (மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) செட்டிங்ஸ், அதுல எலக்ட்ரிக்கல் செட்டிங்ஸ் போய் வோல்டேஜ் டெஃபனிஷன்ல 415 சேருங்க, மினிமம் 380 மேக்ஸிமம் 440 மாதிரி. 240 ஏற்கனவே இருந்தா சரி. அப்புறம் டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம்னு இருக்கும், அதுல புதுசா ஒண்ணு போட்டு த்ரீ ஃபேஸ், வை (Wye, நம்ம ஸ்டார் கனெக்ஷன்), 4 வயர், லைன் டு லைன் 415, லைன் டு கிரவுண்ட் 240ன்னு குடுங்க. இப்ப டிபியை செலக்ட் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல அந்த சிஸ்டத்தை அசைன் பண்ணணும், இதைத்தான் எல்லாரும் விட்ருவாங்க. லைட் ஃபேமிலிக்குள்ள (ரெவிட்ல ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கற ரெடி மாடல்) இருக்கற கனெக்டர் 120 வோல்ட்டா இருந்தா அதையும் 240 ஆக்கணும், ரெண்டும் ஒத்துப்போனாத்தான் பேரு லிஸ்ட்ல வரும்.

சாக்கெட் ஒட்டாதது ஃபேமிலி பிரச்சனை. வால் ஹோஸ்டட் ஃபேமிலி (சுவத்தோட மட்டும் ஒட்டறது) லிங்க் மாடல் சுவத்துல உக்காராது, ஃபேஸ் பேஸ்டு (face-based, ஏதாவது ஒரு பரப்புல ஒட்டறது) ஃபேமிலியா எடுத்துக்கோங்க. நம்ம ஊர் மாடுலர் ஸ்விட்ச் பாக்ஸ் மாதிரி நாலு ஸ்விட்ச் ஒரு சாக்கெட் சேந்தது ரெடியா கிடைக்கறது கஷ்டம், ஒரு நாள் உக்காந்து நீங்களே பண்ணி வச்சுக்கறது நல்லது.

ஓஎம்ஆர் பிம்:
மேல சொன்னது கரெக்ட். வயர் சைஸ் விஷயத்துக்கு நான் வர்றேன். ரெவிட் காட்டற வயர் சைஸ் அமெரிக்கா கோட் டேபிளை வச்சு வர்றது, அதை இங்க அப்படியே எழுதிராதீங்க. டிமாண்ட் ஃபேக்டரும் (மொத்த லோடுல ஒரே நேரத்துல எவ்வளவு ஓடும்ங்கற கணக்கு) அதே கதைதான், ரிசெப்டக்கிள்னு (சாக்கெட்) போட்டா முதல் 10 கேவிஏ முழுசா, மீதி பாதின்னு அவங்க கணக்கு உள்ள உக்காந்திருக்கும், நம்ம புராஜெக்ட்டுக்கு மாத்திக்கணும். கான்டூட், கேபிள் ட்ரே வரைஞ்சா அதுக்குள்ள எந்த சர்க்யூட் போகுதுன்னும் ரெவிட்டுக்கு தானா தெரியாது, அது வெறும் பைப்தான்.

அதனால கணக்கு கைல வரணும். 12 கிலோவாட் த்ரீ ஃபேஸ், பவர் ஃபேக்டர் 0.9ன்னா சுமாரா 18.5 ஆம்ப்ஸ், இது பேனாவை எடுக்காமலே வரணும். அடுத்து வோல்டேஜ் டிராப். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர்ல ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் விழும், அப்போ 16 ஆம்ப்ஸ், 30 மீட்டர் தூரத்துல 8.6 வோல்ட் போயிடும், 3.6 சதவீதம். 4 ஸ்கொயர் போட்டா 11 மில்லிவோல்ட், 2.2 சதவீதத்துல நிக்கும். இந்த வித்தியாசம் தெரிஞ்சவன் டிசைன் இன்ஜினியர், தெரியாதவன் மாடலர். சம்பளமும் அந்த மாதிரிதான்.

வயரிங்குக்கு ஐஎஸ் (இந்தியன் ஸ்டாண்டர்டு) 732, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, லைட்டிங்குக்கு ஐஎஸ் 3646, அப்புறம் நேஷனல் பில்டிங் கோட் 2016ல எட்டாவது பார்ட், இதெல்லாம் பக்கத்துலயே இருக்கட்டும். லைட் ஃபேன் சர்க்யூட்ல 10 பாயிண்ட், 800 வாட்டுக்கு மேல கூடாதுன்னு சைட்ல நீங்க பழக்கத்துல பண்றது அங்க இருந்து வர்றதுதான். லக்ஸ் (வெளிச்ச அளவு) பாக்க டயலக்ஸ் ஈவோன்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது.

சாவுக்கிடங்கு சர்க்யூட்:
கணக்கு எல்லாம் முடிச்சுட்டுத்தான் சாஃப்ட்வேர் தொடணும்னா யாரும் தொடமாட்டாங்க சார். அவர் சைட்ல இருந்து வர்றவர், ஏசி டக்ட் எங்க இடிக்கும்னு மாடலர்களை விட அவருக்குத் தெரியும். தம்பி, நீங்க வேலை பார்த்து முடிச்ச வீட்டையே மாடல் பண்ணுங்க, கணக்கும் கூடவே எக்ஸெல்ல போடுங்க, டிபியில உண்மையில போட்ட எம்சிபியோட ஒத்து வருதான்னு பாருங்க. ஒண்ணு மட்டும், ரெவிட் எல்டி வாங்கிராதீங்க, அதுல எம்இபி கிடையாது. புது வெர்ஷன்ல சேவ் பண்ண ஃபைல் பழைய வெர்ஷன்ல தொறக்கவும் தொறக்காது, ஆபீஸ்ல எந்த வருஷ வெர்ஷன்னு கேட்டுக்கோங்க.

நியூட்ரல்காரன்:
டிபி வந்துருச்சுங்ண்ணா, டிஸ்ட்ரிபியூஷன் சிஸ்டம் அசைன் பண்ணாம இருந்ததுதான். 8 வே டிபிஎன் (TPN, மூணு ஃபேஸ் பிளஸ் நியூட்ரல்) போட்டு 24 சிங்கிள் போல்னு குடுத்தேன். பேனல் ஷெட்யூல்ல ரீபேலன்ஸ் லோட்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா மூணு ஃபேஸும் சமமா ஆயிருது, சூப்பரா இருக்கேன்னு தோணுது, அதையே ஃபைனல்னு வச்சுக்கலாமுங்களா?

தோஹா டிராயிங்:
வேணாம். அதுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும். ஹால் லைட்டை ஆர் ஃபேஸ்ல, அதே பாக்ஸ்ல இருக்கற சாக்கெட்டை பி ஃபேஸ்ல தூக்கிப் போட்டுடும், ஒரே பாக்ஸுக்குள்ள ரெண்டு ஃபேஸ் வந்தா நடுவுல 415 வோல்ட், கவர் கழட்டறவன் கைய வைப்பான். ரூம் வாரியா ஃபேஸை நீங்களே பிரிச்சு அந்த சர்க்யூட்களை லாக் பண்ணிட்டு, ஏசி கீசர் மாதிரி தனி சர்க்யூட்களை மட்டும் மாத்தி பேலன்ஸ் பண்ணுங்க. முடிச்சுட்டு ஷெட்யூல் ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, பாக்கலாம்.