மாலைப் பூவும் கல்லடி மணலும்

தங்கச்சி: பெரியம்மா, கல்யாண மாலை பழுதாகிவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரி, பூ காயட்டும் என்று மணலுக்குள் புதைத்துத்தான் வைத்தேன். இன்றைக்கு எட்டாம் நாள். எடுத்துப் பார்த்தால் ரோசா எல்லாம் சொதசொத என்று இருக்கிறது.

பெரியம்மா: எந்த மணல் மகள்?

தங்கச்சி: கல்லடிக் கடற்கரை மணல்தான். தம்பி ஒரு வாளி அள்ளி வந்தான்.

பெரியம்மா: கழுவினீர்களா?

தம்பி: மணலை யார் கழுவுவார்கள் 😂

பெரியம்மா: அதுதானே பார்த்தேன். கடல் மணலில் உப்பு இருக்குதுகா. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். இந்த ஐப்பசி மழைக்குக் குசினி உப்புப் போத்தலே தண்ணீர் விடுகிறது, பூ எப்படிக் காயும்? நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் அலசு. நாக்கில் வைத்தால் கரிக்கக்கூடாது. மறுகா தாச்சியில் வறுத்து எடு.

மாமா: ஆறவிட்டுப் போடுங்கள். சூட்டோடு போட்டால் பூ அவிந்துபோகும்.

மச்சாள்: பெட்டியை மூடினாயா?

தங்கச்சி: ஓம் மச்சாள். எறும்பு வரும் என்று டேப் ஒட்டி மூடினேன்.

மச்சாள்: அதுவும் பிழை. மணல் ஈரத்தை உறிஞ்சாது, இதழ் சுருங்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஈரம் வெளியே போக வழி வேண்டும். ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் மணி என்றால்தான் காற்றுப் புகாமல் மூடுவது.

தம்பி: சப்பாத்துப் பெட்டியில் வருகிற பொட்டலம் என்னிடம் ஆறு இருக்கிறது!

மச்சாள்: ஒரு ரோசாவுக்கும் காணாது. அந்த மணி இதழில் குழி விழுத்தும். சீனி மாதிரிப் பொடியாக வேண்டும்.

நான்: மல்லிகையோடு மினக்கெடாதே, எப்படிச் செய்தாலும் பழுப்பாகும். சிவப்பு ரோசாவும் கறுக்கும். என் மாலையில் இன்றைக்கும் நிறம் நிற்பது இடையில் கட்டிய வாடாமல்லிதான். சும்மா தலைகீழாகத் தொங்கவிட்டேன். அந்த ஊதா நிறம் இதழே இல்லை, காகிதம் மாதிரிச் செதில். செடியில் நிற்கும்போதே காய்ந்த மாதிரித்தான் இருக்கும்.

தங்கச்சி: என் மாலையில் அது இல்லையே அக்கா.

பெரியம்மா: மாப்பிள்ளையின் மாலை எங்கே?

தங்கச்சி: மாமி வீட்டு ஃபிரிட்ஜில். வெளி இதழ் வாடிவிட்டது, உள்ளே நல்லம்.

பெரியம்மா: சரி, அதை எடு. வாடினதைக் கழற்றிவிட்டு, ஒற்றித் துடைத்து, பூ மேலே பார்க்க வை. மணலைக் கொட்டாதே, இதழ் இதழாகச் சொரி.

தம்பி: அப்ப மணல் கழுவுவது யார்?

பெரியம்மா: அள்ளினவர்தான்.

மாமா: கிணற்றடியில் கழுவு தம்பி. குசினித் தொட்டியில் கொட்டிக் குழாயை அடைத்துப்போடாதே.