Re: ஃபர்லோ: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஃபர்லோ (furlough) என்றால், நிதி இல்லாததால் அரசோ நிறுவனமோ சம்பளத்தை நிறுத்தி ஊழியரைச் சில நாள் வேலைக்கு வர வேண்டாம் என்பது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'கட்டாய விடுப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. புதுச் சொல் எதற்கு?

ஐயா, அது சரிவராது என்று நினைக்கிறேன். 2018 அக்டோபரில் சிபிஐ இயக்குநர் அலோக் வர்மாவைப் பொறுப்பிலிருந்து விலக்கியபோது நம் நாளிதழ்கள் எழுதிய சொல் அது. படிப்பவருக்கு உடனே 'ஏதோ புகார் போலிருக்கிறது' என்றுதான் தோன்றும். ஃபர்லோவில் ஊழியர்மேல் ஒரு புகாரும் கிடையாது. 'சம்பளமில்லா விடுப்பு' என்றால் அவரே கேட்டு எடுத்ததாக ஆகிவிடும். ஃபர்லோ என்றே எழுதினாலோ, குஜராத், மகாராஷ்டிரச் சிறைச் செய்திகளில் வரும் கைதி விடுப்போடு குழம்பும்.

என் யோசனை இரண்டு சொற்கள்.

2009-இல் கலிபோர்னியாவில் ஆளுநர் சுவார்செனேகர் அரசு ஊழியர்களை முதலில் மாதம் 2 நாள், ஜூலை முதல் 3 நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். செலவைக் குறைக்கச் செய்தது. அந்த நாள்களுக்குச் சம்பளம் கிடையாது. இதற்கு 'சிக்கன விடுப்பு'. 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அமெரிக்க மத்திய அரசு முடங்கியது வேறு வகை. நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாததால் சுமார் 8 லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது, பிறகு முழுதாகக் கொடுக்கப்பட்டது. இதற்கு 'முடக்க விடுப்பு'. பணம் திரும்ப வருமா வராதா என்பதுதான் அந்தக் குடும்பங்களின் கேள்வி. கலைச்சொல்லும் அதைக் காட்டியாக வேண்டும்.

சம்பளப் பக்கத்திலும் இதே சிக்கல்தான். 2020-இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தில் ஓராண்டுக்கு 30% குறைத்தார்கள். அது 'ஊதியக் குறைப்பு', சந்தேகமில்லை. அதே ஏப்ரலில் கேரள அரசு ஊழியர்களுக்கு மாதம் 6 நாள் சம்பளம் வீதம் 5 மாதம் நிறுத்திவைக்க உத்தரவு போட்டது. பிறகு தருவோம் என்றது அரசு. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அப்புறம் அவசரச் சட்டம் வந்தது. இது 'ஊதிய ஒத்திவைப்பு'. இதையும் 'சம்பள வெட்டு' என்று எழுதினால், பின்னால் வரவேண்டிய பணத்தை ஊழியர் கேட்கவே முடியாதது போல ஆகிவிடுகிறது.

> சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் ஃபர்லோ உண்டா?

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கிடையாது. 1992-இல் நடைமுறைக்கு வந்த 27-ஆம் திருத்தப்படி, அவர்கள் சம்பளத்தை மாற்றும் சட்டம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே செல்லும். முடக்கத்தின்போதும் அவர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. ஆகவே அவர்களைப் பற்றி எழுதும்போது 'விடுப்பு' வரவே கூடாது.

இன்னொரு வகையினர் மிச்சம். அந்த 8 லட்சத்தில் பாதிக்கு மேற்பட்டோர் விடுப்பில் இல்லை. விமான நிலையச் சோதனை ஊழியர்களைப் போலச் சம்பளம் வராமலே வேலை செய்தார்கள். 'நிலுவை ஊதியப் பணி' என்று வைக்கலாமா? அரசுப் பணியில் இருக்கும் நண்பர்கள், கோப்பில் எழுத இது பொருந்துமா என்று சொல்லுங்கள்.