சீதை எங்கேன்னு நான் கேட்டிருக்கக் கூடாது

மைக்கூடு:
போன வருஷம் நடந்தது, இன்னும் உறுத்துது. படைப்பெழுத்து வகுப்பு, 14 பிள்ளைகள். சீதையை ராவணன் கொண்டுபோற இடத்தைக் கம்பன் சொன்னபடியே சொன்னேன். அவளைத் தீண்டாம, பர்ணசாலையோட ஒரு யோசனை (அந்தக் காலத்துத் தூர அளவு) நிலத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்தான்னு. எழுதறதுக்கு முன்னாடி வரைஞ்சு பாருங்கன்னேன். பார்த்தா, 13 பேர் கையிலயும் பழகின படம்தான் வந்திருக்கு: கையைப் பிடிச்சு இழுக்கிற ராவணன், வாசல்ல கோடு. காது கேட்டதைக் கை கேட்கல.

ஒரு பொண்ணு மட்டும் ஆளையே வரையல. வானத்துல ஒரு குடிசை. அடியில பெரிய மண்கட்டி, அதுலேருந்து வேர் வேரா தொங்குது. ஒரு மண்புழு பாதி உடம்பை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சீதை எங்கம்மா?" "உள்ள இருக்காங்க மிஸ்." "தெரியலையே"ன்னேன். உடனே ரப்பரை எடுத்தா, சுவத்துல ஒரு இடத்தை அழிச்சா, ஜன்னல் போட்டு அதுல ஒரு அழுத முகத்தை வச்சுட்டா. அந்த நிமிஷமே படத்துல இருந்த ஏதோ ஒண்ணு போயிடுச்சு.

ஏட்டுப்புழு:
மற்ற 13 பேரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வால்மீகியின் ஆரணிய காண்டத்தில் ராவணன் இடக்கையால் சீதையின் கூந்தலையும் வலக்கையால் தொடைகளையும் பற்றித்தான் தூக்குகிறான். இழுக்கிற ராவணனுக்கு ஆதாரம் இருக்கிறது. கோட்டுக்குத்தான் இல்லை, அது வால்மீகியிலும் கிடையாது, கம்பனிலும் கிடையாது. எந்த ராமாயணம் என்று முதலில் தெளிவாக்காமல் படம் வரையச் சொன்னால் இப்படித்தான் கலந்து வரும்.

கல்மழை:
அவங்க கம்பன்னு சொல்லித்தானே ஆரம்பிச்சாங்க, ஏட்டுப்புழு?

என் அனுபவம் அகலிகை. நான் அப்போ மாணவன். வால்மீகியில அவ கல்லாகறதில்ல. காற்றையே உணவா வச்சு, சாம்பல்ல கிடந்து, யார் கண்ணுக்கும் படாம இருக்கணும்னு சாபம். கம்பன்லதான் கல். ரெண்டையும் சொல்லிட்டு, ஒண்ணை எடுத்துக்கிட்டு அவ குரல்ல எழுதச் சொன்னாங்க. எல்லாரும் பக்கம் பக்கமா புலம்பல் எழுதினோம். பின்வரிசைல, வாயே திறக்காத ஒருத்தன் எழுந்து ரெண்டு வரி வாசிச்சான்: "வெயிலில் வெளுப்பேன். மழையில் கறுப்பேன். எனக்கு நடப்பது இவ்வளவுதான்." வாசிச்சுட்டு உட்கார்ந்துட்டான். என் நாலு பக்கத்தை நான் வாசிக்கவே இல்ல.

கோட்டோவியன்:
நான் சிறுவர் கதைகளுக்குப் படம் போடுபவன். ஒருமுறை ஜடாயு விழும் காட்சிக்கு வெறும் இறகை மட்டும் வரைந்து கொடுத்தேன்; பறவை எங்கே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் என் கதை.

வகுப்பு எடுப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். ஒரே தாளில் ஆறு கட்டம் போட்டு, ஒரே காட்சியை ஆறு முறை சிறிதாக வரையச் சொல்லுங்கள். முதல் இரண்டும் எங்கோ பார்த்தவையாக இருக்கும். நாலாவதுக்கு மேல் வேறு வழியில்லாமல் சொந்தக் கண் திறக்கும். சம்பவத்தை வரையாமல், அதற்கு ஒரு நொடி முன்னாலோ பின்னாலோ வரையட்டும். படத்தில் இருப்பதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டாம். குடிசை படத்தில் இருந்தால், உள்ளே கேட்கும் சத்தம் எழுத்தில் வரட்டும். முக்கியமாக, வரைந்து முடித்ததும் "இது என்ன" என்று கேட்காதீர்கள். கேட்டால் பிள்ளைகள் விளக்கப் போவார்கள், விளக்கத்தைப் படத்திலேயே ஒட்டிவிடுவார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். "இந்த மண்புழுவைப் பற்றிச் சொல்லு" என்று ஆரம்பியுங்கள்.

ஏட்டுப்புழு:
கல்மழை சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனாலும் ஒன்று: ராவணன் தன் உருவத்தைக் காட்டிய பிறகுதான் கம்பனில் நிலம் பெயர்கிறது. உள்ளே இருக்கும் சீதைக்கு எல்லாம் தெரியும். அழுத முகம் தவறில்லை.

மைக்கூடு:
தவறில்லைதான். ஆனா அது நான் கேட்டதால வந்த முகம். மண்புழுவைப் பத்திக் கேட்கணும்னு எனக்கு அன்னைக்குத் தோணலையே. அந்தத் தாளை அவ என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டா. எப்பவாவது எடுத்து, ஜன்னல் மேல கட்டைவிரலை வச்சு மறைச்சுட்டுப் பார்ப்பேன்.