கால் நீட்டும் உள் நெயில்: குறைந்த செலவில் செய்தால் முதலில் எது உடையும்?

டர்பன்_வரைபலகை:
வணக்கம். இயந்திரவியல் கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு, தொடை எலும்பை 50 மி.மீ. நீட்டும் உள் நெயில் ஒன்றை வரைந்திருக்கிறேன். அதாவது வெட்டிய எலும்பின் மஜ்ஜைக் குழிக்குள் இருந்து, இரு துண்டையும் மெல்ல விலக்கும் உலோகத் தண்டு; இடைவெளியில் புது எலும்பு வளரும். வெளிக்குழாய் 11 மி.மீ. (உள்விட்டம் 8), அதற்குள் நழுவும் கம்பி 8 மி.மீ. கம்பிக்குள் லீட் ஸ்க்ரூவுக்காக (சுழன்று கம்பியைத் தள்ளும் புரித்தண்டு) 5 மி.மீ. துளை. ஸ்க்ரூவை ஒரு காந்தம் கியர் வழியாகத் திருப்பும். தொடைக்கு வெளியே இன்னொரு காந்தம் சுழலும். மூன்று சந்தேகம். காந்தத்துக்குப் பதில் ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் கிளிக் கிளிக்கென்று நகரும் பல்சக்கரம்) வைத்தால் செலவு குறையுமா? குழாயை இங்கே தென்னாப்பிரிக்காவிலேயே ப்ளூம்ஃபொன்டைனில் டைட்டேனியத்தில் முப்பரிமாணமாக அச்சிட்டு வாங்கலாமா? முதலில் உடையப்போவது எது?

லேத்_பெரியப்பா:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் தம்பி, மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. உடைவது உள்கம்பி.

வளைவு விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கில் போகும், வளைவுப் பலம் மூன்றாம் அடுக்கில். உன் அளவுகளுக்கு வெட்டுமுகக் குணகம் (பலத்தின் அளவு, வளைவை இதால் வகுத்தால் தகைவு) வெளிக்குழாயில் சுமார் 94 கன மி.மீ., உள்கம்பியில் சுமார் 43. 20 நியூட்டன் மீட்டர் வளைவு வந்தால் குழாயில் 213 மெகாபாஸ்கல், கம்பியில் 470. டைட்டேனியம் 6-4 கலவை வழவழப்பான பட்டையாக இருந்தால் சோர்வு வரம்பு (திரும்பத் திரும்ப வந்தாலும் உடையாத தகைவு) ஏறக்குறைய 500. நீ அந்தக் கம்பியில், எலும்போடு பிணைக்கும் பூட்டு ஸ்க்ரூவுக்குக் குறுக்குத் துளை போடப்போகிறாய். குழாய் வாயில் உரசல் வேறு. இரண்டும் சேர்ந்தால் 470 தாங்காது. வெளியே 12.5, உள்ளே 9.5 என்று ஏற்றிப் பார், இல்லாவிட்டால் ஸ்க்ரூவைச் சிறிதாக்கித் துளையைக் குறை.

இன்னொன்று: கம்பி சுழலாமல் இருக்கக் குழாயின் உள்ளே நீளவாக்கில் வரிப்பள்ளம் வேண்டும், இல்லையென்றால் பாதம் திரும்பிவிடும். அந்தப் பள்ளம் சுவரைத் தின்னும். 1.5 மி.மீ. சுவரில் அதை மறந்து கணக்குப் போடாதே.

இப்போது ஓட்டம். 1000 நியூட்டன் இழுவை, 0.5 மி.மீ. புரி (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்), ஸ்க்ரூ திறன் 20 சதவீதம் என்றால் ஸ்க்ரூவில் 0.4 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். காந்தம் 10 மில்லி நியூட்டன் மீட்டர் கொடுத்தால், 4:1 கோள் கியர் மூன்று படி, ஆக 64:1, இழப்பு 30 சதவீதம் போக 0.45 வரும். மிச்சம் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சதை தடித்த தொடையில் அதுவும் போய்விடும், தூரம் கூடக்கூடக் காந்தப்புலம் மளமளவென்று விழும். 20 சதவீதத் திறனைப் பார்த்து முகம் சுளிக்காதே. திறன் 50-க்குக் கீழே இருந்தால்தான் ஸ்க்ரூ தானே பூட்டிக்கொள்ளும், ஆள் கால் ஊன்றும்போது பின்னால் சுழலாது. அச்சு பாரத்தை ஒரு த்ரஸ்ட் பேரிங் வாங்கட்டும். கியர் பல்லுக்கு அது போகக் கூடாது.

எலும்புப்பிரிவு_சாட்ஸ்வர்த்:
ராட்செட் மலிவுதான், பழசும்தான். அல்பிசியா என்ற ராட்செட் நெயிலில் காலை 20 டிகிரி திருப்பினால் ஒரு கிளிக். 15 கிளிக் ஒரு மி.மீ. வெட்டிய எலும்பை வைத்துக்கொண்டு காலைத் திருப்புவது வலி, சிலருக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. பின்னால் வந்த ஐஎஸ்கேடி என்ற நெயில் சில டிகிரி திருப்பத்திலேயே நீண்டது. வலி குறைந்தது, ஆனால் நடக்கும்போதே தானாக ஓடியது. ஒரு நாளில் சில மி.மீ. ஓடினால் நரம்பு இழுபடும், இடைவெளியில் எலும்பும் ஊறாது.

நமக்கு வேண்டியது இது: வெட்டிய பின் 5 முதல் 7 நாள் சும்மா விடுவது, பிறகு தொடைக்கு நாளுக்கு 1 மி.மீ., நாலு தவணையாக 0.25. உங்கள் கியரில் ஒரு தவணை என்பது காந்தத்துக்கு 32 சுற்று. பின்னோக்கியும் சுழல வேண்டும்; புது எலும்பு மெலிந்தால் சுருக்கித்தான் காப்பாற்றுவோம். ராட்செட்டால் அது முடியாது.

எங்கே வெட்டுவது என்பதும் நெயில் நீளத்தைத் தீர்மானிக்கும். தொடக்கத்தில் மெல்லிய கம்பி 30 மி.மீ. வெளியே இருக்கிறது, 50 நீட்டுகிறோம், முடிவிலும் தடித்த குழாய் கீழ்த்துண்டுக்குள் 50 நிற்க வேண்டும். ஆக நுனியிலிருந்து 130 மி.மீ.யில் வெட்டு. இதை விட்டால் புது எலும்பு முழுக்க மெல்லிய கம்பி மேல் தொங்கும், பெரியப்பா சொன்ன 470 அங்கேதான் வரும்.

வெளிக் கருவியை பேட்டரியில் ஓடவிடுங்கள். கரண்ட் நின்றால் மாலைத் தவணை நிற்கக் கூடாது. டோங்காட்டிலிருந்து மினிபஸ் டாக்சியில் தினமும் நாலு தடவை யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள்.

டர்பன்_வரைபலகை:
நன்றி அண்ணே, பெரியப்பா. 12.5-க்கு மாற்றுகிறேன். டைட்டேனியத்தை விட்டு ஸ்டீலில் செய்தால் மெல்லிய கம்பியே தாங்காதா? விலையும் குறையுமே.

உரசல்_அரிப்பு:
பலம் கிடைக்கும், உரசல் போகாது. ஸ்ட்ரைட் நெயில் முழு எடை தாங்கட்டும் என்று ஸ்டீலில் வந்தது. குழாயும் கம்பியும் சேரும் இடத்தருகே எலும்பு கரைவதும் அரிப்பும் தெரிந்து 2021-இல் திரும்பப் பெறப்பட்டது. எந்த உலோகமானாலும் அந்த வாயில் சீல் முக்கியம். ரத்தநீர் உள்ளே போனால் கியர் இறுகும், துகள் வெளியே வந்தால் எலும்பு கரையும்.

காந்தத்தையும் பாருங்கள். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியிலேயே பலம் இழக்கத் தொடங்கும், ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் பெட்டி) 134. கூடுதல் வெப்பம் தாங்கும் எஸ்ஹெச் ரக நியோடிமியமோ சமேரியம் கோபால்ட்டோ எடுங்கள். நியோடிமியம் துருப்பிடிக்கும், டைட்டேனியக் குப்பியில் லேசர் வெல்டு செய்து அடைக்காமல் உடலுக்குள் விடாதீர்கள்.

அச்சிடுவது பற்றி: ப்ளூம்ஃபொன்டைன் மத்திய தொழில்நுட்பப் பல்கலைக்கழக மையம் தாடை இம்பிளான்ட் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது, வேலை சுத்தம். ஆனால் நழுவும் குழாய்க்கு அச்சு வேண்டாம். சொரசொரப்பும் உள் துளைகளும் சோர்வுப் பலத்தை இறக்கும். சூடான அழுத்தம் கொடுத்து மறுபடி கடைந்தால் அச்சின் லாபமே போய்விடும். ஐஎஸ்ஓ 5832-3 (இம்பிளான்ட் டைட்டேனியத்தின் தர நியமம்) சான்றுள்ள பட்டையை வாங்கி லேத்தில் கடையுங்கள்.

எலும்புப்பிரிவு_சாட்ஸ்வர்த்:
விற்பனை என்று வந்தால் சாப்ரா (தென்னாப்பிரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு ஆணையம்) உரிமமும் ஐஎஸ்ஓ 13485 தர முறையும் வேண்டும், உலோக விலையை விட அதுதான் பெரிய செலவு. அதுவரை ஏழை நோயாளிக்குச் சாதாரண பூட்டு நெயில் மேல் வெளிச்சட்டம் வைத்து நீட்டி, நீட்டல் முடிந்ததும் நெயிலைப் பூட்டிச் சட்டத்தைக் கழற்றும் முறை இருக்கிறது. சட்டம் காலில் இருக்கும் காலம் நன்றாகக் குறையும். ஆனால் தோல் வழியாக எலும்பில் ஏறும் சட்டத்தின் ஊசி (பின்) நெயிலைத் தொட்டால் தொற்று மஜ்ஜை வரை போகும், அதனால் இடையே கொஞ்சம் எலும்பு விட்டுத்தான் ஊசி போடுவார்கள். உங்கள் நெயிலின் விலையை இதோடு ஒப்பிடுங்கள், இறக்குமதி நெயிலோடு அல்ல.

லேத்_பெரியப்பா:
சோதனைக்கு ஏஎஸ்டிஎம் எஃப்1264 நியமத்தின் நாலு புள்ளி வளைவு, அதாவது நாலு உருளைகளுக்கு நடுவே வைத்து வளைப்பது. நெயிலை முழு 50 மி.மீ. நீட்டி வைத்துச் செய், குழாய் வாய் நடு இரு உருளைக்கு நடுவே வரட்டும். சுருங்கிய நிலையில் பாஸான நெயில் கணக்கில் வராது.