ஸ்டிக்கர் வந்துவிட்டது, பசை வரவில்லை

துடுப்பு:

கைமாறி வந்த ஃபைபர் படகு. இரண்டு பக்கமும் பழைய உரிமையாளர் ஒட்டிய பெயர், அதற்குக் கீழே நீலக் கோடுகள். வெயிலில் வருடக்கணக்காகக் காய்ந்த வினைல் என்பதால் சருகு மாதிரி நொறுங்கியது. நகத்தால் நெம்பினால் நகக்கண் அளவுத் துண்டுதான் கையில் வரும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒன்றரை எழுத்து உரித்தேன்.

அப்புறம்தான் ஹேர் டிரையர் ஞாபகம் வந்தது. கை பொறுக்கும் சூடு வரும்வரை காட்டி, ஒரு மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் பின்னால் மடக்கி மெதுவாக இழுத்தால் நீளமாக வருகிறது. அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் வினைல் மட்டும் வரும், பசை அங்கேயே தங்கிவிடும். நான் அவசரப்பட்டேன். கடைசியில் படகின் மேல் பசையிலேயே எழுதிய பெயர் மிச்சம். இரண்டே நாளில் தூசி ஒட்டி அது கறுப்பாகிவிட்டது.

சவர பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு கீறல் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். அசிட்டோனைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். நல்ல வெயில் நேரம் வேறு. பசை இளகுவதற்குள் அசிட்டோன் ஆவியாகிவிடும், இளகிய கொஞ்சமும் துணியோடு போய் பக்கத்தில் இழுவிக்கொள்ளும். கை அகலத்தில் இருந்த அழுக்கை முழ அகலமாக்கியதுதான் மிச்சம்.

வேலைக்கு ஆனது ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்ந்த பசை நீக்கிதான். அதிலும் தேய்ப்பதைவிடக் காத்திருப்பதுதான் முக்கியம். படகை நிழலுக்கு இழுத்து, தாராளமாகத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் விட்டேன். தாள் இருந்தால் நீக்கி உலராது. எடுத்துப் பார்த்தபோது மஞ்சள் பசை வெளுத்து, ஓரங்களில் சுருங்கியிருந்தது. பிளாஸ்டிக் சுரண்டியை வைத்துத் தள்ளினேன், அழிப்பான் துகள் மாதிரி உருண்டு உருண்டு வந்தது. அத்தனை நாள் எரிச்சலும் அந்த ஒரு தள்ளில் போய்விட்டது.

பாய்மரம்:

நீங்கள் அசிட்டோனோடு தப்பித்தது உங்கள் படகில் ஜெல்கோட் (ஃபைபருக்கு மேல் இருக்கும் வழவழப்பான பிசின் பூச்சு) இருந்ததால்தான். என்னுடையது மேலே பெயின்ட் அடித்த படகு. அடித்தவர் என்ன பெயின்ட் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தின்னரை ஊற்றித் துடைத்த முப்பதாவது நொடியில் பெயின்ட் சுருங்கித் தோல் மாதிரி எழும்பிவிட்டது. ஸ்டிக்கர் பசையும் வந்தது, பெயின்டும் வந்தது. ஒரு கையகலப் பசைக்காக ஒரு பக்கம் முழுவதற்கும் மறுபடி பெயின்ட்.

இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் நன்றாகக் காய்ந்திருந்தால் கரைப்பானைப் பெரும்பாலும் தாங்கும். டப்பாவைத் திறந்து அப்படியே அடிக்கும் எனாமல் தாங்காது. எது என்று தெரியாவிட்டால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு வைத்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் எச்சரிக்கை. ஆனால் வெயிலில் வெளிறிய ஜெல்கோட்டும் துணியில் பொடியாக நிறம் விடும், அதனால் முதலில் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பெயின்ட் உரிக்கும் திரவத்தை மட்டும் யாரும் எடுக்காதீர்கள். அதில் பலவும் ஜெல்கோட்டையே தின்றுவிடும்.

நங்கூரம்:

மண்ணெண்ணெய். பழைய துணியில் நனைத்து, பசை மேல் போர்த்தி, கொஞ்ச நேரம் கழித்து வழித்து எடுங்கள். நெருப்பு பக்கத்தில் வேண்டாம். பிறகு சோப்புத் தண்ணீர். நான் வேறு எதுவும் வாங்கியதே இல்லை.

சுக்கான்:

டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் பற்றி யாரும் சொல்லவில்லையே! ஸ்டிக்கர், பசை இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும். நானும் அதன் ரசிகன்தான், ஒரு நாள் வரை. கோடு சீக்கிரம் போகட்டும் என்று ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தேன். உராய்வுச் சூட்டில் ஜெல்கோட் மஞ்சளாகிவிட்டது, அந்த மஞ்சள் பாலிஷுக்கும் அசையவில்லை. வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல், நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர்த் தூள் காது வரை போகும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

துடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. பசை முழுக்கப் போய்விட்டது, இப்போது புதுத் தலைவலி. கழுவிக் காயவைத்துப் பார்த்தால் பழைய பெயர் அப்படியே பளபளவென்று தெரிகிறது! தடவினால் எதுவும் இல்லை, வழவழவென்றுதான் இருக்கிறது. இன்னும் பசை இருக்கிறதா?

பாய்மரம்:

இல்லை நண்பரே, அது பேய். ஸ்டிக்கருக்கு அடியில் வெயில் படவில்லை, அதனால் அந்த இடம் மட்டும் புதுசாகவே இருக்கிறது. சுற்றியுள்ள மற்றதெல்லாம்தான் மங்கியிருக்கிறது. எனவே எழுத்தைத் தேய்க்காதீர்கள், சுற்றிலும் தேய்த்து அந்தப் பளபளப்புக்குக் கொண்டுவாருங்கள். ரப்பிங் காம்பவுண்டிலேயே (தேய்த்து மெருகேற்றும் களிம்பு) தொடங்குங்கள். அது போதாவிட்டால் மட்டும் 1500, 2000 நம்பர் நீர்த்தாள், அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள். ஜெல்கோட் பொதுவாக அரை மில்லிமீட்டர் கனம்தான், முனைகளில் அதைவிட மெலிசாக இருக்கும். அங்கே கை வைக்க வேண்டாம்.

துடுப்பு:

மூன்று சுற்று காம்பவுண்டு போட்டேன். நேராக நின்று பார்த்தால் தெரியவில்லை. சாய்வெயிலில் பார்த்தால் பழைய பெயரின் முதல் எழுத்து மட்டும் இன்னும் எட்டிப் பார்க்கிறது. புதுப் பெயரை அதன் மேலேயே ஒட்டப்போகிறேன். வேக்ஸ் இன்னும் போடவில்லை, போட்டால் புது ஸ்டிக்கர் ஒட்டாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த முறை ஒட்டும்போதே ஒரு மூலையை எங்கே கிளப்பலாம் என்றும் பார்த்து வைத்துவிட்டேன்.